பெங்குயின் கொடுத்த நட்சத்திரங்கள்

அத்தியாயம் ஏழு

ஜுனைதீன் ஹாஜியார் தன் போனை மேசை மேல் வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டார்.

கடக். கடக். குர்ர்ர். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி கடக்.

ஷெரோமி கண்ணை மூடிக் கேட்டாள். அவளுடைய உதவியாளர் இப்ஹாமும் முதலாளியம்மாவைப் பார்த்துத் தானும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஹாஜியார், இது ஐஸ்கிரீம் மெஷினா, இல்ல கண்டி பஸ் மேட்டுல ஏறுதா?" என்று கேட்டார்.

ஹாஜியாருக்குச் சிரிப்பு வரவில்லை. உக்குவளையில் இருக்கும் அவருடைய ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் ஒரே ஒரு பெரிய இயந்திரம். பெல்லநேவா என்று பெயர். இத்தாலியில் பிறந்தது, வயதானது, பிடிவாதமானது. தம்புள்ளைப் பக்கம் புதிதாகத் திறக்கும் ஹோட்டலுக்கு நாளைக் காலை முதல் லோட் போயாக வேண்டும். போகாவிட்டால் அந்த ஒப்பந்தம் கொழும்புக் கம்பெனிக்குப் போய்விடும். அந்த ஒப்பந்தத்தை நம்பித்தான் தொழிற்சாலையின் கதவு திறந்திருந்தது. கொழும்பில் கேட்டால் அந்த மாடலைத் தொட்ட ஆளே நாட்டில் இல்லை என்கிறார்கள். உள்ளூரில் கேட்டால் கம்ப்ரஸரைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு ஆள் வேணும் மிஸ்," என்றார் ஹாஜியார். "மகள்தான் உங்ககிட்டப் போகச் சொன்னா."

மகள் றிப்னா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். தொழிற்சாலையின் அலுவலக வேலை முழுவதும் அவள் கையில். அமைதியான பெண். இப்ஹாமுக்கு அவள் மீது தனிப் பாசம் உண்டு. ஏனென்றால், இந்த அலுவலகத்துக்கு வருவதற்கு முன் இப்ஹாம் மாத்தளையில் பேர் பெற்ற கல்யாணத் தரகர். போனிலேயே மாப்பிள்ளை பார்க்கும் காலம் வந்து தொழிலைத் தின்றுவிட்டது. அவர் கடைசியாகப் பொருத்தி வைத்த சம்பந்தம் றிப்னாவுடையது. ஹாஜியார் கேட்டபடியே வெளிநாட்டு மாப்பிள்ளை, அதுவும் மனேஜர். நிக்காஹ் வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு.

எழுந்து போகும்போது றிப்னா வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றாள்.

"தமிழ்லயும் தேடிப் பாருங்க மிஸ்," என்றாள். "மெஷினுக்கு விக்கல்னு போட்டுப் பாருங்க."

தகப்பனும் மகளும் படியிறங்கிப் போனார்கள். கீழே ஹாட்வெயார் கடை, மேலே 'ஷெரோமி ஆள் தேடல்'. பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுக் காணாமல் போன கணவனைத் தேடித் தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. ஷெரோமி தேடுவது வேறு. ஒரு வேலைக்குப் பொருத்தமான ஆள் உலகத்தில் எங்கேயோ இருப்பார். தன்னை ஒருவர் தேடுகிறார் என்பதே அவருக்குத் தெரியாது. அவரைக் கணினி வழியாகக் கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில்.

"நாங்களும் தரகர்தான் மிஸ்," என்பார் இப்ஹாம். "சீதனத்துக்குப் பதிலா ஓவர்டைம் பேசுறோம், அவ்வளவுதான்."

ஷெரோமி விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். இப்ஹாம் ஆர்வத்தோடு நாற்காலியை நெருக்கிப் போட்டார். இந்த வேடிக்கையை எத்தனை தடவை பார்த்தாலும் அவருக்கு அலுக்காது.

முதலில் அவள் 'ஃப்ரீஸர் டெக்னீஷியன்' என்று அடித்தாள். திரை நிரம்பி வழிந்தது. பயிற்சி வகுப்பு விளம்பரம், வேலை காலி விளம்பரம், பழைய ஃப்ரிட்ஜ் விற்பனை.

"தம்புள்ளைச் சந்தைக்குள்ள போய் மரக்கறி வேணும்னு கத்தினா என்ன நடக்கும் நானா?" என்றாள். அண்ணன் என்ற முறையில் இப்ஹாமை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"எல்லா வியாபாரியும் சட்டையப் பிடிச்சு இழுப்பான்."

"கழுவாத நுவரெலியா கரட், நேத்துப் பிடுங்கினது வேணும்னு கேட்டா?"

"ஒருத்தன் மட்டும் திரும்பிப் பாப்பான்."

அதுதான் விஷயம் என்றாள் ஷெரோமி. இயந்திரத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டாள். அப்படிப் போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் இருக்கும் பக்கங்கள் மட்டும் வரும். அடுத்து ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டி 'விற்பனைக்கு'. இன்னொரு கழித்தல் குறி, அதை ஒட்டி 'பயிற்சி'. வேண்டாததை வாசலிலேயே நிறுத்தி வைக்க அந்தச் சின்னக் கோடு போதும். திரையில் இருந்த கூட்டம் மளமளவென்று கலைந்தது.

"என்கிட்ட அந்தக் கோடு இருந்திருந்தா," என்றார் இப்ஹாம், "எத்தனை மாமியார்களக் கழிச்சிருப்பேன்."

"இன்னொண்ணு நானா. டெக்னீஷியன்ங்கிற சொல்லயும் எடுத்துடுறேன். நல்ல வேலைக்காரங்க தாங்கள் யாருன்னு எழுதமாட்டாங்க. என்ன செஞ்சோம்னு எழுதுவாங்க. பதவியத் தேடக் கூடாது, கோளாறத் தேடணும்."

சத்தம், அல்லது நடுக்கம், அல்லது உறையவில்லை என்று பல கோளாறுகளை அடுக்கினாள். அந்த 'அல்லது' என்ற சொல்லுக்கும் ஒரு வேலை உண்டு. எந்த வலையில் மாட்டினாலும் மீன் மீன்தான் என்று கணினிக்குச் சொல்வது அது. ஆங்கிலத்தில் ஒன்றும் பெரிதாக வரவில்லை. சிங்களத்தில் ஒரு ஐஸ்கிரீம் விளம்பரப் பாட்டு வந்தது. கடைசியில் றிப்னா சொன்னபடி தமிழில் 'விக்கல்' என்று சேர்த்தாள்.

ஒரே ஒரு விடை.

குளிர் இயந்திரம் திருத்துகிறவர்களின் முகநூல் குழு ஒன்று. யாரோ ஒரு அரபிக்காரர் போட்ட வீடியோவில் இதே பெல்லநேவா, இதே கடக் கடக். அதன் கீழே, அரபியும் ஆங்கிலமுமாக ஓடும் பேச்சுக்கு நடுவில், தமிழில் ஒரு கருத்து: 'கம்ப்ரஸரைக் குறை சொல்லாதீங்க. வால்வு திறந்தபடி சிக்கியிருக்கு. ஆவியாப் போக வேண்டியது திரவமாத் திரும்பிப் போகுது, கம்ப்ரஸர் அத விழுங்கி விக்கல் எடுக்குது.'

எழுதியவரின் பெயர் 'குளிர்காரன்'. முகத்துக்குப் பதிலாக, இடுப்பில் லுங்கி மாதிரி சாரம் கட்டிய பெங்குயின் ஒன்றின் படம். வசிப்பிடம்: தோஹா.

இப்ஹாம் நாற்காலியில் சாய்ந்தார். "முடிஞ்சுது. தோஹாவிலிருந்து உக்குவளைக்கு பஸ் இல்ல மிஸ். அங்க பாதி மாத்தளை இருக்கு, ஆனா சாயங்காலத்துக்குள்ள வராது."

ஷெரோமியின் கண்களில் அந்த மினுக்கம் வந்தது. அது வந்தால் பகல் சாப்பாடு தள்ளிப் போகும் என்று இப்ஹாமுக்குத் தெரியும்.

பெரிய கம்பெனிகள் இந்த மாதிரி ஆட்களுக்குக் காவல் போட்டு வைப்பார்கள் என்று அவள் விளக்கினாள். இன்ன திறமை, இன்ன ஊர் என்று ஒரு தேடலைச் செய்து அதை அப்படியே விட்டுவிடுவார்கள். இரண்டும் பொருந்தும் ஆள் அகப்பட்ட உடனே அவர்களுடைய போனில் மணி அடிக்கும், எலி வளைக்கு முன்னால் பூனையை உட்கார வைத்த மாதிரி. இந்தக் குளிர்காரனை அந்தப் பூனைகள் எல்லாம் மோந்து பார்த்திருக்கும். தோஹா என்று கண்டதும் விட்டிருக்கும்.

"ஊர்ப் பேர் நாங்க போடுறது நானா. ஒரு தடவை போட்டா யாராவது மாத்துறாங்களா? நீங்களும் முகநூல்ல இன்னும் தரகர்னுதான் வச்சிருக்கீங்க."

இப்ஹாம் தன் போனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டார்.

அவள் பெங்குயினை வெட்டி எடுத்துப் படத்தைக் கொண்டு படம் தேடும் கருவியில் போட்டாள். சொல்லே இல்லாமல் தேடுவது அது. பெங்குயின்கள் அணிவகுத்து வந்தன. பனியில் நின்றவை, பிஸ்கட் பெட்டியில் நின்றவை, பிறந்தநாள் கேக்கில் நின்றவை. சாரம் கட்டியது ஒன்றே ஒன்று. அது இருந்த இடம் வரைபடத்தில், கடைகளுக்கு மக்கள் நட்சத்திரம் கொடுக்கும் பகுதியில்.

ஷெரோமி வாசிக்க வாசிக்க இப்ஹாம் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாத்தளை டவுன் சாப்பாட்டுக் கடை ஒன்று: 'கொத்து அருமை. ஆனால் கூலர் கதவின் ரப்பர் கிழிஞ்சிருக்கு. ஒரு நட்சத்திரம்.' பேக்கரி ஒன்று: 'மாலு பான் சாப்பிடவில்லை. கேக் பெட்டி வேர்த்திருந்ததால் வெளியே வந்துவிட்டேன்.' ஒரு கல்யாண மண்டபம்: 'பிரியாணி நல்லம், மாப்பிள்ளை நல்லம், ஏசி சரியில்லை.'

எல்லாம் இந்த வருடம் எழுதியவை. எல்லாம் மாத்தளை.

"தோஹாவுல இருந்துக்கிட்டு இங்க வந்து பேக்கரியில வேர்வை பாக்குறாரா?" என்றாள் ஷெரோமி.

வரைபடத்தைச் சுருக்கினாள். நட்சத்திரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தாலும் அலுவிகாரையைச் சுற்றித்தான் அடர்த்தி. மனிதர் தேநீர் குடிக்க அதிக தூரம் நடப்பதில்லை. அங்கே நுஹ்மான் ஸ்டோர்ஸ் என்ற கடைக்கு மட்டும் அவர் எழுதியதைத் திரும்பத் திரும்பத் திருத்தியிருந்தார்: 'சோடா கூலர் சத்தம். ஒரு நட்சத்திரம். திருத்தம்: இன்னும் சத்தம். திருத்தம்: தாங்க முடியவில்லை. திருத்தம்: நானே சரிசெய்துவிட்டேன். ஐந்து நட்சத்திரம்.'

இப்ஹாமின் த்ரீவீல் ஏ-ஒன்பது வீதியில் தம்புள்ளை லொறிகளுக்கு இடையே நெளிந்து ஓடியது.

நுஹ்மான் பருத்த மனிதர், நேர்மையான முகம். அந்த முகம்தான் அவருக்குப் பிரச்சினை. குளிர்காரன் என்று யாரையும் தெரியாது என்று சொல்லும்போதே கண் கடையின் பின்பக்கத் திரைச்சீலைக்குப் போய் வந்தது. கூலரைத் திருத்தியது யார் என்று கேட்டதற்கு, அது தானாகவே சரியாகிவிட்டது என்றார்.

இப்ஹாம் சோடாவை எடுத்துக் குடித்தார். பல் கூசியது. கூலர் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஷெரோமி இப்ஹாமை ஓரமாக அழைத்துப் போய்க் காதில் விளக்கினாள். வேலை வேண்டாம் என்று ஒளிந்திருக்கும் ஆளுக்கு அரிய வாய்ப்பு, அழகான சம்பளம் என்று செய்தி அனுப்பினால் திறந்தும் பார்க்கமாட்டார். செய்யப்போகிற வேலையைப் பற்றிப் பேசக் கூடாது. செய்து முடித்த வேலையைப் பற்றிப் பேச வேண்டும்.

"உங்களுக்கு அந்த கடக் கடக் சத்தம் போட வருமா நானா?"

"மிஸ், இருபது வருஷமா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால தொண்டையச் செருமினவன் நான்."

கூலருக்குப் பின்னால் இப்ஹாம் குந்தினார். ஷெரோமி கூலரை வீடியோ எடுத்தாள். கடக், கடக், குர்ர்ர் என்று இப்ஹாம் உயிரைக் கொடுத்து முழங்கினார். நுஹ்மான் வாயைத் திறந்தபடி நின்றார். வீடியோ முகநூல் குழுவில், குளிர்காரனின் கருத்துக்கு நேர் கீழே, அவர் பெயரைச் சொல்லிப் பதிவாகியது: 'இவர் திருத்திய கூலர்தான் இது. மறுபடியும் விக்கல்.'

ஒரு ப்ளேன்டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. திரைச்சீலை பறந்தது. சாரம் கட்டிய இளைஞன் ஒருவன் வெறுங்காலோடு, கையில் திருப்புளியோடு பாய்ந்து வந்தான்.

"என் கூலர்ல சத்தமே வராது. யாரு சொன்னது?"

கூலரில் காதை வைத்தான். அமைதி. குழம்பிப்போய்ப் பின்னால் எட்டிப் பார்த்தான். அங்கே குந்தியிருந்த இப்ஹாம் அடுத்த கடக்கைப் பாதி வாயில் வைத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடக் இப்ஹாமின் தொண்டைக்குள்ளேயே திரும்பிப் போயிற்று.

"மாப்பிள்ள," என்றார் பலவீனமாக.

றிஷாத். ஜுனைதீன் ஹாஜியாரின் மருமகனாக வரப்போகிறவன். வெளிநாட்டு மனேஜர்.

கதையைச் சொல்லும்போது றிஷாத் சோடாப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். போன நோன்புக்கு முன்னாலேயே தோஹாவில் கம்பெனியை மூடிவிட்டார்கள். மாமா நுஹ்மான் வீட்டில் வந்து ஒதுங்கினான். வெளிநாட்டு மாப்பிள்ளை வேண்டும் என்று கேட்ட ஹாஜியாரிடம், மாப்பிள்ளை அலுவிகாரையில் இருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? வேறு வேலை கிடைத்துத் திரும்பிப் போய்விடலாம் என்று நாளைக் கடத்தினான். றிப்னாவோடு வீடியோவில் பேசும்போது மட்டும் மாவு மூட்டை அறையில், வெள்ளைச் சுவருக்கு முன்னால், கோட் போட்டுக்கொண்டு உட்காருவான்.

"மனேஜர்னு சொன்னதும் நான் இல்ல நானா. மெக்கானிக்னுதான் நான் சொன்னேன்."

இப்ஹாம் சோடாப் போத்தலின் லேபலை ஆழ்ந்து வாசிக்கத் தொடங்கினார்.

ஷெரோமி அவனை வற்புறுத்தவில்லை. யார் தொழிற்சாலை, எதற்காக, எப்போதைக்குள் என்பதை மட்டும் சொன்னாள். வந்தால் அந்த வீட்டுச் சம்பந்தம் போகலாம். வராவிட்டால் அந்த வீட்டுத் தொழில் போகும். றிஷாத் தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். வரமாட்டேன் என்றான். முடியாது என்றான். ஷெரோமி ஹாஜியாரின் ஒலிப்பதிவை ஓடவிட்டாள்.

இரண்டாவது கடக்கில் அவன் எழுந்துவிட்டான்.

"ஐயோ, அத ஓடவிட்டிருக்காங்களா? நிப்பாட்டச் சொல்லுங்க மிஸ். கம்ப்ரஸர் செத்துடும். நானா, த்ரீவீல எடுங்க."

உக்குவளை வரும் வரை இப்ஹாம் யோசித்தார். வாசலில் இறங்கியதும் தன் பையில் இருந்த முகக்கவசத்தை எடுத்து றிஷாத்தின் மூக்கு வரை ஏற்றிவிட்டு, ஐஸ்கிரீம் தயாரிக்கும் இடம், சுத்தம் முக்கியம் என்று பொதுவாக அறிவித்தார். ஹாஜியாருக்கு ஆளின் முகம் தேவைப்படவில்லை, கைகள்தான் தேவைப்பட்டன.

அந்தக் கைகள் வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு சுகம். றிஷாத் குழாயைத் தொட்டான், கண்ணை மூடினான், இன்னும் கொஞ்சம் தள்ளித் தொட்டான். எங்கே வேர்த்திருக்கிறது, எங்கே உறைபனி படிந்திருக்கிறது என்று விரலாலேயே வாசித்தான். வால்வைக் கழற்றினான். உள்ளே ஊசி போன்ற சின்னத் துண்டு ஒன்று, பழைய எண்ணெயின் பிசுக்கில் ஒட்டித் திறந்தபடியே நின்றது. அதைக் கழுவித் துடைத்துத் திரும்பப் பொருத்திக் குளிர்வாயுவையும் நிரப்பினான். சுவிட்சைப் போட்டதும் பெல்லநேவா ஒரு தடவை இருமியது. பிறகு திருப்தியான பூனை மாதிரி உறுமத் தொடங்கியது.

ஹாஜியார் இப்ஹாமின் காதருகே வந்தார்.

"தங்கமான புள்ள. கல்யாணம் ஆயிருச்சா?"

"நிச்சயம் பண்ணியிருக்கு ஹாஜியார்."

"எந்த மாமனாரோ. நஸீப் உள்ள மனுசன், அதிர்ஷ்டக்காரன்."

இப்ஹாமுக்கு வந்த இருமலில் கண்ணீரே வந்துவிட்டது. அப்போதுதான் றிப்னா தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். வாப்பாவுக்கு ஒன்று, ஷெரோமிக்கு ஒன்று, இப்ஹாமுக்கு ஒன்று. கடைசிக் கோப்பையை முகக்கவசக்காரனிடம் நீட்டினாள்.

"இது றிஷாத்துக்கு. சீனி குறைவு."

றிஷாத்தின் முகக்கவசம் தானாக வெட்கப்பட்ட மாதிரி மூக்கிலிருந்து நழுவியது.

ஷெரோமிதான் முதலில் சிரித்தாள். "விக்கல்னு போடச் சொன்னது நீங்கதானே."

"மெஷினுக்கு விக்கல்னு இவரத் தவிர வேற யாரு மிஸ் சொல்லுவா? என்கிட்டயும் மெஷின் கதைதான் பேசுவார்," என்றாள் றிப்னா. பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள். "மூணு மாசமா எனக்குத் தெரியும் வாப்பா. போன்ல பேசும்போது, பொழுது சாயுற நேரம் பள்ளிவாசல்ல மஃரிப் பாங்கு கேக்கும். இங்க பாங்கு சொல்ற அதே நேரத்துல அவருக்குப் பின்னாலயும் கேக்கும். தோஹாவுல அப்ப வெயிலே இறங்கியிருக்காது. அவரா சொல்லட்டும்னு பாத்தேன், சொல்லல. காலையில மெஷின் படுத்துக்கிச்சு. நான் சொன்னா நீங்க கோவத்துல அவர உள்ளயே எடுக்கமாட்டீங்க. அதான் மிஸ்கிட்டக் கூட்டிப்போனேன்."

ஹாஜியார் மகளைப் பார்த்தார், றிஷாத்தைப் பார்த்தார், இப்ஹாமை நீண்ட நேரம் பார்த்தார். இப்ஹாம் ஓர் ஐஸ்கிரீம் வாளியின் பின்னால் மெதுவாக நகர்ந்தார்.

"மனேஜர்," என்றார் ஹாஜியார்.

"குளிரை மனேஜ் பண்றவர்தானே ஹாஜியார்," என்றது வாளிக்குப் பின்னால் இருந்து ஒரு குரல்.

ஹாஜியார் இயந்திரத்தின் மீது உள்ளங்கையை வைத்தார். அதன் நடுக்கம் சீராக இருந்தது. நாளை லோட் போகுமா என்று கேட்டார். போகும் என்றான் றிஷாத், தரையைப் பார்த்தபடி.

"மகள் கஷ்டப்படக் கூடாதுன்னுதான் வெளிநாட்டு மாப்பிள்ள வேணும்னு கேட்டேன்," என்றார் ஹாஜியார் மெதுவாக. "என் வீட்டுல ஒண்ணு உடைஞ்சா யாரு ஓடி வருவாங்கன்னு யோசிக்கல." பிறகு குரலை நிமிர்த்திக்கொண்டார். "ஆனா பொய் கூடாது தம்பி. முதல்ல அந்தப் போன்ல இருக்கிற தோஹாவ எடுங்க. என் கண்ணு முன்னால."

றிஷாத் தோஹாவை அழித்து உக்குவளை என்று அடித்தான். றிப்னா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஊர்ப் பெயரைச் சரிபார்த்தாள். தம்பி என்ற சொல் இப்ஹாமுக்குக் கொஞ்சம் கவலையைக் கொடுத்தது. மாமனார் ஒருவர் மருமகனைத் தம்பி என்று அழைத்தால் சம்பந்தம் இன்னும் அந்தரத்தில்தான் நிற்கிறது என்பது அவருடைய தொழில் அனுபவம்.

டப்பாக்கள் நிறையத் தொடங்கின. றிஷாத் கணக்காகக் குமிழைத் திருப்பிக்கொண்டு நின்றான். அவன் போன் டிங் என்றது. யாரும் கவனிக்கவில்லை. மறுபடி டிங். பிறகு டிங் டிங் என்று ஒன்றையொன்று துரத்தின.

ஹாஜியார் போனை எடுத்துப் பார்த்தார். கொழும்பில் இருந்து ஒரு ஐஸ்கிரீம் கம்பெனி: உடனே பேசலாமா. கண்டியில் இருந்து இன்னொன்று: வீடும் வாகனமும் தருகிறோம். திருகோணமலையில் ஒரு மீன் குளிரூட்டும் நிலையம்: எங்கே இருந்தீர்கள் இவ்வளவு நாளும்.

"என்ன மிஸ் இது?"

"பூனைங்க ஹாஜியார்," என்றாள் ஷெரோமி. திறமை முன்பே இருந்தது, ஊர் இப்போதுதான் பொருந்தியது, எல்லா மணியும் ஒரே நேரத்தில் அடிக்கிறது என்று பொறுமையாக விளக்கினாள்.

அவள் விளக்கி முடிப்பதற்குள் இன்னொரு டிங். இந்த முறை தம்புள்ளை. ஹாஜியார் அவசரமாகப் போனை றிஷாத்தின் கையில் திணித்தார்.

"மருமகன்," என்றார். "அதத் திரும்ப தோஹான்னே போடுங்க."